புகையும் படிப்பும்

மும்பையில் தமிழர்கள் நெருங்கி வாழும் இடங்கள் பல உண்டு. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் அவற்றில் பெயர் பெற்றவை.

தாராவிக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பலர் வந்தார்கள். தோல் பதனிடும் வேலை செய்தார்கள். பிறகு வேறு பல கைத்தொழில்களிலும் இறங்கினார்கள். மாட்டுங்காவில் அலுவலக வேலைக்கு வந்த குடும்பங்கள் குடியேறின. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்கே உருவானது. பிறகு செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் பெருகின.

தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே ஒரு ரயில் பாதைதான் உண்டு. நடந்தே போய்விடலாம். பேசும் மொழியும் ஒன்றுதான். ஆனால் பிள்ளைகள் எத்தனை வருடம் பள்ளிக்குப் போனார்கள் என்பதில் நெடுங்காலம் பெரிய வேறுபாடு இருந்தது.

இந்த வேறுபாட்டுக்கும் புகையிலைக்கும் தொடர்பு உண்டா?

டீக்கடையில் கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். "படிக்காதவனுக்கு அறிவு கிடையாது, அதனால்தான் பீடி குடிக்கிறான்" என்பார் ஒருவர். "படித்த டாக்டரே சிகரெட் பிடிக்கிறார், படிப்புக்கும் புகைக்கும் என்ன சம்பந்தம்?" என்பார் இன்னொருவர்.

இரண்டு பதிலுமே சரியில்லை. ஏன் சரியில்லை என்பதைப் பார்ப்போம்.

வீடு வீடாகக் கேட்டார்கள்

மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய டாக்டர் பிரகாஷ் குப்தா 1990களில் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் பேசினார்கள். பதில்களைக் கையடக்கக் கணினியில் பதிந்தார்கள். அந்தக் காலத்தில் அது புதுமை.

இப்படி 99,598 பேரிடம் கேட்டார்கள். 1996இல் முடிவு வெளிவந்தது.

100 ஆண்களில் 69 பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். அவர்களில் பீடி, சிகரெட் புகைத்தவர்கள் 24 பேர். மற்றவர்கள் வாயில் போடும் பழக்கம் மட்டும் உள்ளவர்கள். புகைத்தவர்களிலும் பலர் வாயிலும் போட்டார்கள்.

பெண்களில் 100க்கு 57 பேருக்கு மேல் புகையிலைப் பழக்கம் இருந்தது. அவர்கள் பெரும்பாலும் புகைக்கவில்லை. வெற்றிலையோடு போட்டார்கள். அல்லது மிஷ்ரி என்ற வறுத்த புகையிலைத் தூளால் பல் தேய்த்தார்கள்.

அந்த ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் பழக்கம் மிக அதிகமாக இருந்தது. படிப்பு ஏற ஏறப் பழக்கம் குறைந்தது. கல்லூரி வரை போனவர்களிடம் மிகக் குறைவு. ஆண், பெண் இருபாலரிடமும் இப்படியே இருந்தது.

ஆகவே படிப்புக்கும் புகையிலைக்கும் தொடர்பு உண்டு. அது எப்படி வந்தது என்பதுதான் கேள்வி.

படிக்காதவர் அறிவு குறைந்தவரா?

இதற்குப் பதில் தேட ஸ்காட்லாந்துக்குப் போக வேண்டும். அங்கே 1932இல் ஒரு பெரிய தேர்வு நடந்தது. 1921இல் பிறந்த பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே நாளில் அதை எழுதினார்கள். அது பாடத் தேர்வு அல்ல. யோசிக்கும் திறனைப் பார்க்கும் தேர்வு. எழுதியவர்கள் சுமார் 87,000 பேர். எல்லோருக்கும் சுமார் 11 வயது.

பல ஆண்டுகள் கழித்து அவர்களில் ஒரு பகுதியினரை ஆய்வாளர்கள் தேடிப் பிடித்தார்கள். அப்போது அவர்கள் நடுத்தர வயதில் இருந்தார்கள். "நீங்கள் புகைத்தீர்களா? இப்போதும் புகைக்கிறீர்களா?" என்ற கேள்விகளுக்கு அவர்கள் தந்த பதிலையும், 11 வயதில் வாங்கிய மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். 2003இல் முடிவு வெளிவந்தது.

புகைக்கத் தொடங்கியதில் வேறுபாடு இல்லை. அதிக மதிப்பெண் வாங்கியவரும் தொடங்கினார். குறைந்த மதிப்பெண் வாங்கியவரும் தொடங்கினார். ஆனால் அதிக மதிப்பெண் வாங்கியவர்களில் அதிகம் பேர் பிறகு பழக்கத்தை விட்டிருந்தார்கள்.

இதை எப்படிப் புரிந்துகொள்வது?

அந்தத் தலைமுறை இளைஞர்களாக இருந்தபோது புகையின் தீங்கு மக்களுக்குத் தெரியாது. 1950இல்தான் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரு ஆங்கில ஆய்வாளர்கள் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அதற்கு முன் பணக்காரர், ஏழை, டாக்டர், கூலியாள் என்று எல்லோரும் புகைத்தார்கள். தீங்கு தெரிந்த பிறகு முதலில் விட்டவர்களில் டாக்டர்கள் இருந்தார்கள். படித்தவர்கள் பின்னால் வந்தார்கள். செய்தி அவர்களுக்குத்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. அதைப் படிக்கவும், மற்றவரிடம் கேட்டுத் தெளியவும் அவர்களுக்கு வழி இருந்தது.

புத்திசாலியும் புகைக்குள் விழுகிறார். வெளியே வரும் வழி எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிவதில்லை.

எழுத்தில் வந்த எச்சரிக்கை

இந்தியாவில் நடந்ததைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

1975இல் இந்திய அரசு ஒரு சட்டம் போட்டது. சிகரெட் பெட்டியின் மேல் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றது. சிகரெட்டின் பெயர் எந்த மொழியில் இருந்ததோ அந்த மொழியில் எச்சரிக்கையும் இருந்தது. பெரும்பாலான பெட்டிகளில் பெயர் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆகவே எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் வந்தது. அதுவும் பொடி எழுத்தில்.

பீடிக் கட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தவில்லை.

இப்போது தாராவியில் தோல் பட்டறையில் வேலை செய்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் வாங்கியது பீடி. அதில் எச்சரிக்கை இல்லை. சிகரெட் வாங்கினாலும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கோ தமிழிலும் எழுதப் படிக்கத் தெரியாது. சங்கதி தெரியாமல் புகைத்தார். அவரை "அறிவில்லாதவர்" என்று சொல்வது எந்த வகையில் நியாயம்?

2003இல் புதிய புகையிலைச் சட்டம் வந்தது. 2009 மே 31 முதல் பெட்டியிலும் கட்டிலும் படம் போட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. பீடி, சிகரெட், மெல்லும் புகையிலை எல்லாவற்றுக்கும் அது பொருந்தியது. 2016 ஏப்ரல் முதல் படம் பெரிதானது. உறையின் இரண்டு பக்கமும் 100க்கு 85 பங்கு இடத்தை எச்சரிக்கை பிடித்தது.

படத்தைப் பார்க்க எழுத்து தெரிய வேண்டியதில்லை. என்ன ஆயிற்று?

நாடு முழுவதும் 2009-10இல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. பீடி குடிப்பவர்களில் 100க்கு 29 பேர், "எச்சரிக்கையைப் பார்த்து விட்டுவிடலாம் என்று நினைத்தேன்" என்றார்கள். 2016-17இல் மறுபடியும் கேட்டார்கள். அப்போது 54 பேர் அப்படிச் சொன்னார்கள்.

ஆட்கள் திடீரென்று புத்திசாலி ஆகிவிடவில்லை. செய்தி அவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி வந்தது. அவ்வளவுதான்.

மூளைக்கு என்ன ஆகிறது?

படிப்பு குறைந்தால் புகையிலை அதிகமாகிறது என்பதைப் பார்த்தோம். புகையிலை படிப்பையும் அறிவுத் திறனையும் கெடுக்குமா என்பது அடுத்த கேள்வி.

புகையிலையில் நிகோடின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. புகையை இழுத்த சில நொடிகளில் அது மூளைக்குப் போய்விடும். அங்கே ஒரு சிறிய இன்பத்தை உண்டாக்கும். கொஞ்ச நேரத்தில் அந்த இன்பம் இறங்கிவிடும். உடனே எரிச்சல் வரும். கவனம் சிதறும். மறுபடியும் ஒரு பீடி வேண்டியிருக்கும்.

"புகைத்தால்தான் படிப்பு ஓடுகிறது" என்று சில மாணவர்கள் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. நிகோடின் இறங்கியதால் கவனம் சிதறியது. மறுபடியும் புகைத்ததும் அந்தச் சிதறல் நின்றது. அதையே அவர்கள் தெளிவு என்று நினைக்கிறார்கள். காலில் முள்ளைக் குத்திவிட்டு, பிறகு அதைப் பிடுங்கி, "பார், எவ்வளவு சுகம்!" என்று சொல்வது போன்றது இது.

மனித மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வயதுக்குள் நிகோடின் பழகினால் அது ஆழமாக வேரூன்றும். கவனம், நினைவு இரண்டையும் பாதிக்கும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். புகையிலைக்கு அது நன்றாகப் பொருந்தும்.

புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவும் உண்டு. இரத்தம் பிராணவாயுவைச் சுமந்து செல்ல வேண்டும். இந்த வாயு அதன் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இரத்தக் குழாய்களும் காலப்போக்கில் கெட்டுப்போகின்றன. மூளைக்குப் போக வேண்டிய இரத்தம் குறைகிறது.

லண்டன் அரசு ஊழியர்கள் ஆயிரக்கணக்கானோரை ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் கவனித்தார்கள். புகைத்த ஆண்களுக்கு யோசிக்கும் திறன் மற்ற ஆண்களைவிட விரைவாகக் குறைந்தது. பெண்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. புகையை விட்டு 10 ஆண்டுகளுக்கு மேல் ஆன ஆண்களிடமும் விரைவான சரிவு இல்லை. இந்த முடிவு 2012இல் வெளிவந்தது. விட்டவருக்கு மூளையும் நன்றி சொல்கிறது.

புகைப்பது அப்பா, தோற்பது பிள்ளை

புகையிலையின் தீங்கு புகைப்பவரோடு நிற்பதில்லை. பிள்ளையின் படிப்பை அது நான்கு வழிகளில் தொடுகிறது.

முதல் வழி கருவறை. மும்பையில் 1,217 கர்ப்பிணிப் பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2004இல் முடிவு வந்தது. மிஷ்ரி போன்ற புகையிலையைப் பயன்படுத்திய தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 105 கிராம் குறைந்திருந்தது. மாதம் நிறையாமல் பிறப்பதும் அதிகமாக இருந்தது. எடை மிகக் குறைந்தும் மாதம் நிறையாமலும் பிறக்கும் குழந்தைக்கு நோய் எளிதில் வரும். பள்ளிப் பருவத்தில் படிப்பில் பின்தங்கவும் கூடும். "பல்லுக்கு நல்லது" என்று நம்பித்தான் அந்தத் தாய்மார் தேய்த்தார்கள்.

இரண்டாவது வழி வீட்டுக்குள் நிற்கும் புகை. தாராவியில் பல குடும்பங்களுக்கு ஒரே அறைதான் வீடு. சமையல், தூக்கம், வீட்டுப்பாடம் எல்லாம் அங்கேதான். அப்பா வாசலில் நின்று புகைத்தாலும் புகை உள்ளே வரும். அமெரிக்காவில் 6 முதல் 16 வயது வரை உள்ள 4,399 பிள்ளைகளைச் சோதித்தார்கள். பிறர் விட்ட புகை எவ்வளவு உடலில் சேர்ந்திருக்கிறது என்று இரத்தத்தில் பார்த்தார்கள். அதிகம் சேர்ந்த பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் குறைந்த மதிப்பெண் பெற்றார்கள். 2005இல் வந்த முடிவு இது. அந்தப் பிள்ளைகள் யாரும் பீடியைத் தொட்டவர்கள் அல்ல.

மூன்றாவது வழி பணம். ரிஜோ ஜான் என்ற பொருளாதார ஆய்வாளர் இந்தியக் குடும்பங்களின் செலவுக் கணக்கை ஆராய்ந்தார். 2008இல் வெளியிட்டார். புகையிலை வாங்கும் குடும்பங்களில் பாலுக்கும் படிப்புக்கும் செலவிடுவது குறைந்திருந்தது. ஏழை வீட்டில் பணம் ஒரே பையில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் எடுத்தால் மறுபக்கம் குறையும்.

நான்காவது வழி மிகக் கொடியது. தமிழ்நாட்டில் இறந்துபோன 43,000 ஆண்களைப் பற்றி வி. கஜலட்சுமியும் அவருடன் இருந்தவர்களும் ஆராய்ந்தார்கள். 2003இல் முடிவு வந்தது. புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது மற்றவர்களைவிட 4 மடங்கு அதிகமாக இருந்தது. அவர்களில் பலர் நடுவயதில் இறந்தவர்கள். சம்பாதிக்கும் தகப்பன் போய்விட்டால் மூத்த பிள்ளை புத்தகப் பையை இறக்கி வைக்கிறது. பட்டறைக்கோ கடைக்கோ வேலைக்குப் போகிறது. அந்தப் பிள்ளை நாளை பீடியை எடுத்தால் கதை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

பீடி சுற்றும் வீட்டில்

தாராவியில் பலருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. அங்கேதான் பீடி சுற்றும் வேலையும் அதிகம்.

பீடி இலை வட மாநிலக் காடுகளிலிருந்து வருகிறது. பெண்கள் அதை நனைத்து, அளவாக வெட்டுகிறார்கள். தூளை வைத்துச் சுருட்டுகிறார்கள். முனையை மடித்து நூல் கட்டுகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆயிரம் சுற்றுவதற்குள் பொழுது போய்விடும். தூள் மூக்கில் ஏறும். நிகோடின் தோல் வழியாகவும் உடலில் சேரும்.

வேலையை முடிக்கப் பல வீடுகளில் பெண் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நூல் கட்டுவதில் தொடங்கினாள் சிறுமி. பிறகு முழுநாளும் சுற்றினாள். பள்ளி நின்றது. 1986இல் வந்த சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களைப் பீடி வேலையில் வைக்கக் கூடாது என்றது. ஆனால் வீட்டில் குடும்பத்தாரோடு சேர்ந்து செய்தால் அது பொருந்தாது என்று விலக்கு இருந்தது. பீடி வேலை நடப்பதே வீட்டில்தானே!

அவள் சுற்றிய பீடியை மும்பையில் ஒரு தொழிலாளி புகைத்திருக்கலாம். அவள் படிப்பு இங்கே நின்றது. அவர் பிள்ளையின் படிப்புக்கு வேண்டிய காசு அங்கே புகையானது.

பீடித் தொழிலாளர் மேல் குற்றமில்லை. வேறு வருமானம் இல்லாததால்தான் சுற்றுகிறார்கள். 1976இல் அவர்களுக்காக ஒரு நல நிதிச் சட்டம் வந்தது. அதன் வழியாகப் பீடித் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை உண்டு. பள்ளியில் விண்ணப்பம் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பீடி சிகரெட்டைவிட நல்லதா?

"பீடி இலையும் தூளும்தானே, கெடுதல் குறைவு" என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு.

பிரகாஷ் குப்தாவும் அவருடன் இருந்தவர்களும் மும்பை மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பீடி குடித்தவர்களின் இறப்பு சிகரெட் குடித்தவர்களின் இறப்பைவிடக் குறைவாக இல்லை. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. 2008இல் வெளிவந்த இன்னொரு ஆய்வு நாடு முழுவதையும் பார்த்தது. பீடி குடிக்கும் ஆண் சராசரியாக 6 ஆண்டு ஆயுளை இழக்கிறார். பீடி குடிக்கும் பெண் 8 ஆண்டு இழக்கிறார்.

விட முடியுமா?

முடியும். முதல் சில நாட்கள் கடினமாக இருக்கும். தலைவலி வரும். கோபம் வரும். தூக்கம் கெடும். இவை நோய் அல்ல. நிகோடின் உடலை விட்டுப் போகும்போது வரும் தொல்லைகள். சில வாரங்களில் குறைந்துவிடும். ஒருமுறை விட்டு மறுபடியும் தொடங்கியவர் மனம் தளர வேண்டாம். பலர் இரண்டு மூன்று முறை முயன்ற பிறகுதான் வென்றிருக்கிறார்கள்.

உதவியும் கிடைக்கும். 1800-11-2356 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். புகையிலையை விட நினைப்பவர்களுக்கு அங்கே யோசனை சொல்கிறார்கள். 2018 முதல் இந்த எண் பீடிக் கட்டிலும் சிகரெட் பெட்டியிலும் அச்சாகிறது. எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

சட்டமும் பிள்ளைகளுக்குத் துணை நிற்கிறது. 18 வயது ஆகாதவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது. பள்ளிக்கூடத்திலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது. அப்பா தன் பிள்ளையைக் கடைக்கு அனுப்பிப் பீடி வாங்கிவரச் சொல்வதும் தவறுதான். முதல் பீடியைப் பிள்ளையின் கையில் கொடுப்பது பல நேரம் வீடுதான்.

நாடு முழுவதும் பழக்கம் குறைந்து வந்திருக்கிறது. 2009-10இல் 100 பெரியவர்களில் ஏறக்குறைய 35 பேர் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். 2016-17இல் அது 29 ஆனது. தமிழ்நாட்டில் அது 20ஆக இருந்தது.

படிக்காததால் புகையிலை பிடித்துக்கொண்டது. புகையிலை பிடித்துக்கொண்டதால் பிள்ளையின் படிப்பு கெட்டது. இது ஒரு வட்டம். வட்டத்தை எங்கே அறுத்தாலும் அது அறும். தகப்பன் பீடியை விட்டால் அறும். தாய் மிஷ்ரியை விட்டால் அறும். பெண் பிள்ளை தட்டை வைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனால் அறும். பெரியவர் ஒருவர் எழுத்துக் கூட்டிப் பெட்டியின் மேல் உள்ளதைப் படித்தாலும் அறும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒருவர் ஒரு நாளைக்குப் பீடிக்கு 20 ரூபாய் செலவு செய்கிறார்.

1. ஒரு மாதத்துக்கு (30 நாள்) எவ்வளவு?
2. ஒரு வருடத்துக்கு (365 நாள்) எவ்வளவு?
3. அந்தப் பணத்தில் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு என்னென்ன வாங்கலாம்? பட்டியல் எழுதுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. உங்கள் தெருவில் பள்ளிக்கு அருகே புகையிலை விற்கும் கடை இருக்கிறதா? அதற்கு என்ன செய்யலாம்?
2. பீடிக் கட்டின் மேல் என்ன படம் இருக்கிறது? என்ன எழுதியிருக்கிறது? வாங்கிப் புகைக்காமல், வாங்கியவரிடம் கேட்டுப் படித்துப் பாருங்கள். பிறகு அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.